மங்கோலியரைச் சூறாவளி என்று சொல்லிக் கடந்துவிடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மங்கோலியப் பேரரசைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில், இப்படியொரு பொருளுக்கு ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கியதற்கு முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கட்டுரை தொடக்கம் முதல் முடிவு வரை மங்கோலியரை ஆசியாவின் மீது வீசிய சூறாவளியாகவே காட்டியிருப்பது எனக்கு வருத்தம் தந்தது. அதைவிட, செங்கிஸ் கான் ஒரு முஸ்லிம் படையெடுப்பாளர் என்ற பொருள்படும் ஒரு வரியும் அதில் இருக்கிறது. இரண்டையும் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

சூறாவளிக்கு எண்ணம் கிடையாது. எந்த ஊரை அழிப்பது, எந்த ஊரை விட்டுவைப்பது என்று அது யோசிப்பதில்லை. அழித்த பிறகு உட்கார்ந்து கணக்கு எழுதுவதும் இல்லை. மங்கோலியர் யோசித்தார்கள், கணக்கும் எழுதினார்கள். அவர்களை இயற்கைச் சீற்றம் ஆக்கிவிட்டால், நடந்த கொலைகளுக்கு யாரும் பொறுப்பாளி ஆகமாட்டார்கள். அந்தப் பேரரசு எப்படி எழுந்தது, நூறாண்டுக்கு மேல் எப்படி நின்றது என்பதும் பிள்ளைகளுக்கு விளங்காமலே போய்விடும். அது ஓர் அரசு. முடிவெடுக்கத் தெரிந்த மனிதர்கள் கட்டிய அரசு.

அதைக் கட்டியவனின் இளமையிலிருந்தே தொடங்கலாம். 1162ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்த, பின்னாளில் செங்கிஸ் கான் ஆன தெமுஜினுக்கு ஒன்பது வயது இருக்கும்போது, அவன் தந்தை யெசுகெய் தாதார் குலத்தாரின் நஞ்சுக்குப் பலியானார். தலைவன் போனதும் சுற்றத்தார் இந்தக் குடும்பத்தைக் கைவிட்டுப் புறப்பட்டார்கள். தாய் ஹோலுன் ஓனோன் ஆற்றங்கரையில் கிழங்கு தோண்டியும் காட்டுப் பழம் பொறுக்கியும் பிள்ளைகளை வளர்த்தாள். பிடித்த மீனையும் அடித்த குருவியையும் பறித்துக்கொண்டான் என்ற சண்டையில், மாற்றாந்தாய் மகன் பெக்தெரைத் தெமுஜினும் தம்பி ஒருவனும் சேர்ந்து அம்பெய்து கொன்றார்கள். மங்கோலியர் தங்கள் மொழியிலேயே எழுதிவைத்த பழைய வரலாறு இதை மறைக்கவில்லை. நிழலைத் தவிர வேறு துணை இல்லாத நேரத்தில் இப்படிச் செய்தீர்களே என்று பெற்றவள் ஏசிய ஏச்சை அது விரிவாகவே பதிந்து வைத்திருக்கிறது. தங்கள் அரசை நிறுவியவனின் மீது தாய் சுமத்திய பழியை எழுத்தில் ஏற்றிவைத்த மக்களை, எழுத்தறியாக் கூட்டம் என்ற தொனியில் எழுதுவது நியாயமா?

தாதார், கெரெயித், நைமன், மெர்கித் என்று ஒருவரையொருவர் கொள்ளையடித்து வாழ்ந்த குலங்களைத் தெமுஜின் ஒன்றன்பின் ஒன்றாக வென்றான். உயிர் நண்பனாக இருந்து எதிரியாகிவிட்ட ஜமுகாவையும் ஒழித்தான். 1206-இல் ஓனோன் ஆற்றின் தலைப்பகுதியில் கூடிய பேரவை அவனுக்குச் செங்கிஸ் கான் என்ற பட்டம் சூட்டியது. புல்வெளியில் குலங்களை வென்ற தலைவர்கள் அவனுக்கு முன்பும் இருந்திருக்கிறார்கள். வென்ற குலங்களை அவன் கலைத்துப்போட்டதுதான் புதிது. பத்துப் பேர், நூறு பேர், ஆயிரம் பேர், பத்தாயிரம் பேர் என்று படையைப் பிரித்தான். அதற்குள் பல குலத்தாரையும் கலந்து அடைத்தான். ஆயிரவர்க்கு ஒருவராகத் தொண்ணூற்றைந்து தலைவர்களை அமர்த்தினான். ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்குத் தானாக மாறியவனுக்கு மரண தண்டனை. பிறப்பால் வந்த தலைமைக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. பழைய போர் ஒன்றில் எதிரணியில் நின்று அவனுடைய குதிரையை அம்பால் வீழ்த்தியவன், பின்னர் பிடிபட்டபோது, எய்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டான். அவனைக் கொல்லாமல் ஜெபே, அதாவது அம்பு என்று பெயரிட்டுப் படைத்தலைவன் ஆக்கினான் செங்கிஸ் கான். நைமன் அரசில் முத்திரை காத்த எழுத்தர் ஒருவர் 1204-இல் அகப்பட்டார். அவரைக் கொண்டு உய்குர் எழுத்தில் மங்கோலிய மொழியை எழுதப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்தான். படிக்கத் தெரியாத ஒருவனுக்கு எழுத்தின் பயன் எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்தது என்பது என்னை எப்போதும் வியக்கவைக்கும்.

அவர்கள் எண்ணிக்கை பலத்தால் வென்றார்கள் என்று கட்டுரை சொல்கிறது. அது தலைகீழ். பாரசீக வரலாற்றாசிரியர் ரஷீத் அல்-தீன் தரும் கணக்குப்படி, 1227-இல் செங்கிஸ் கான் இறந்தபோது அவனுடைய மங்கோலியப் படை 1,29,000 பேர். எதிரே நின்ற வட சீனத்துச் சின் அரசின் குடிகள் கோடிக்கணக்கில் இருந்தார்கள். மங்கோலியனின் பலம் குதிரையில் இருந்தது. ஒவ்வொரு வீரனும் மாற்றுக் குதிரைகள் பலவற்றை ஓட்டிவந்தான். ஒன்று களைத்தால் அடுத்ததில் ஏறுவான். வழியில் குதிரைப் பாலும் உலர்ந்த தயிர்க்கட்டியும் போதும். மரமும் கொம்பும் நரம்பும் ஒட்டிச் செய்த வில்லை ஓடும் குதிரையிலிருந்து பின்னால் திரும்பியும் எய்வான். மங்கோலியாவின் பழைய மரங்களின் வளையங்களை ஆராய்ந்தவர்கள், 1211 முதல் 1225 வரை அங்கே வழக்கத்தை மீறிய மழையும் இதமும் இருந்ததாகக் கண்டிருக்கிறார்கள். புல் தழைத்திருக்கிறது, குதிரைகள் பெருகியிருக்கின்றன.

இனி மத விஷயம். கான் என்பது புல்வெளித் தலைவர்களின் பட்டம். இஸ்லாமியப் பெயர் இல்லை. செங்கிஸ் கான் வணங்கியது தெங்கிரி என்ற வானத்தை. மேற்கே அவன் தொடுத்த போரின் தொடக்கத்தைப் பாருங்கள். 1218-இல் அவன் அனுப்பிய வணிகர் கூட்டம், சுமார் 450 பேர், பெரும்பாலும் முஸ்லிம்கள், ஐந்நூறு ஒட்டகங்களோடு ஒத்ரார் நகரை அடைந்தது. ஒற்றர்கள் என்று சொல்லி ஊர்த்தலைவன் அவர்களைக் கொன்று சரக்கைப் பறித்துக்கொண்டான். நீதி கேட்டுப் போன தூதரையும், அந்நகரை உள்ளடக்கிய மத்திய ஆசிய அரசான குவாரிஸ்மின் மன்னர் முகம்மது கொன்றார். ஆக, முஸ்லிம் வணிகர்களின் கொலைக்காக, முஸ்லிம் மன்னர் ஒருவர் மீது, வானத்தை வணங்கிய ஒருவன் தொடுத்த போர் அது. 1220 முதல் 1258 வரை மங்கோலியரின் கையில் மிகக் கொடிய அழிவைக் கண்டவை புகாரா, மெர்வ், நிஷாப்பூர், பாக்தாத் என்ற முஸ்லிம் நகரங்களே. ஈரானை ஆண்ட மங்கோலியர் இஸ்லாத்துக்கு வந்தது பிறகுதான். கஸான் கான் மதம் மாறிய ஆண்டு 1295.

அந்த அழிவைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. சொல்லப்போனால் 'சூறாவளி' என்ற சொல்தான் அதைக் குறைக்கிறது. சரணடைந்த ஊருக்கு வரி, எதிர்த்த ஊருக்கு வாள் என்பது முன்கூட்டியே அறிவித்த விதி. பிடித்த ஊரின் மக்களை அடுத்த ஊரின் மதிலுக்கு முன்னால் கேடயமாக ஓட்டிச் செல்வது வகுத்த முறை. ஜுவைனி என்ற வரலாற்றாசிரியர் சமர்கந்தில் முப்பதாயிரம் கைவினைஞர்களைப் பிரித்தெடுத்தார்கள் என்கிறார். மெர்வ் நகரில் நானூறு கைவினைஞர்களையும் சில பிள்ளைகளையும் ஒதுக்கிவிட்டு மற்றவரைக் கொன்றார்கள், பதின்மூன்று நாள் எண்ணியதில் பதின்மூன்று லட்சம் பிணங்கள் என்கிறார். அந்த எண்ணிக்கையை நான் நம்பவில்லை. அக்காலத்து நகரம் எதுவும் அத்தனை பேரைத் தாங்காது. ஆனால் ஜுவைனி மங்கோலியரின் பகைவர் இல்லை, அவர்களிடமே வேலை பார்த்த அதிகாரி. தன் எசமானர்களைப் பற்றி அவரே இப்படி எழுதுகிறார் என்றால் நடந்தது எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்!

ஒருமுறை இந்தப் பாடத்தை நடத்தும்போது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, கூட்டத்தில் நெசவாளி யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். கேட்டுத்தான் தெரிந்துகொண்டிருப்பார்கள் என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே உடம்பு நடுங்கியது. கேட்பதற்கு மொழிபெயர்ப்பாளன் வேண்டும், குறித்துக்கொள்ள எழுத்தன் வேண்டும், இந்தப் பக்கம் நில் அந்தப் பக்கம் நில் என்று ஒழுங்குபடுத்த ஆள் வேண்டும். தறி பிடிக்கத் தெரிந்தவன் பிழைத்தான், பக்கத்தில் நின்ற அண்டைவீட்டான் செத்தான். ஹெராத் நகரத்து நெசவாளர்கள் அப்படித்தான் குடும்பத்தோடு பெயர்த்தெடுக்கப்பட்டு, வெகு தொலைவில் உய்குர் நாட்டுப் பெஷ்பாலிக்கில் பொன்னிழைத் துணி நெய்யக் குடியமர்த்தப்பட்டார்கள். காற்று இப்படிச் செய்யாது, ஐயா.

இதே அரசு கொல்லாமல் விட்டதற்கும் கணக்கே காரணமாக இருந்திருக்கிறது. செங்கிஸ் கானுக்குப் பின் 1229-இல் பட்டத்துக்கு வந்த ஒகதாயிடம், சீன விவசாயிகளால் நமக்கு என்ன பயன், அவர்களை ஒழித்து வயல்களை மேய்ச்சல் நிலம் ஆக்கிவிடலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். யெலு சூசாய் என்ற கித்தானிய அறிஞர் குறுக்கிட்டார். கருணையைப் பற்றி அவர் பேசவில்லை. நிலவரி, வணிக வரி, உப்பு, மது, இரும்பு ஆகியவற்றிலிருந்து முறையாக வசூலித்தால் ஆண்டுக்கு ஐந்து லட்சம் லியாங் (சீன எடை அளவு) வெள்ளியும், எண்பதாயிரம் சுருள் பட்டும், நான்கு லட்சம் மூட்டைக்கு மேல் தானியமும் வரும், பயனில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். செய்து காட்டு என்றான் ஒகதாய். வரி அலுவலகங்கள் திறக்கப்பட்டன. 1231-இல் சொன்ன பொருள்கள் கண்முன் வந்து குவிந்தன. அன்றே சூசாயைத் தலைமை அமைச்சன் ஆக்கினான். எண்ணற்ற உழவர்களின் உயிரை ஒரு வரிப்பட்டியல் காப்பாற்றியது. அதற்காக அந்த ஆட்சியை மென்மையானது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சில ஆண்டுகளிலேயே வரிவசூல் குத்தகைக்கு விடப்பட்டு, வசூல் தொகை இரட்டிப்பாக்கப்பட்டது; சூசாய் அழுது வாதாடியும் பயனில்லை.

ஐரோப்பியப் படையெடுப்பைக் கட்டுரையே விரிவாகச் சொல்லிவிட்டது. 1237-இல் ரியாஸான், 1240-இல் கீவ், 1241 ஏப்ரலில் இரண்டு நாள் இடைவெளியில் போலந்திலும் ஹங்கேரியிலும் பெரும் வெற்றிகள் என்பதோடு நானும் நிறுத்திக்கொள்கிறேன்.

பாக்தாத் பற்றி மட்டும் ஒரு சொல். 1258 பிப்ரவரியில் செங்கிஸ் கானின் பேரன் ஹுலாகுவிடம் அந்நகரம் வீழ்ந்தது. கலீபா முஸ்தாசிம் கொல்லப்பட்டார். ஐந்நூறு ஆண்டு அப்பாஸியக் கலீபா மரபு அங்கே முடிந்தது. 1262-இல் பிரான்சு மன்னருக்கு எழுதிய கடிதத்தில், பாக்தாதில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் கொன்றதாக ஹுலாகு தானே சொல்லிக்கொள்கிறான். மிரட்டலும் அந்த அரசின் கருவிகளில் ஒன்று. அதே ஹுலாகுதான் 1259-இல் மராகாவில் வானாய்வகம் ஒன்றை எழுப்பப் பொருள் தந்தான். பாக்தாத் முற்றுகையின்போது அவன் கூடவே இருந்த நசீர் அல்-தீன் தூசி என்ற பெரும் கணிதரே அதன் தலைவர். கோள்களின் இயக்கத்தை விளக்க அவர் வகுத்த வடிவியல் முறை, பிற்காலத்தில் கோப்பர்னிகஸின் நூலிலும் காணப்படுகிறது. மராகாவைச் சொல்லும்போது பாக்தாதை மறந்துவிடுவோரும் இருக்கிறார்கள், பாக்தாதோடு நின்றுவிடுவோரும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் ஆணையிட்டது ஒரே ஆள் என்பதை மாணவனுக்குச் சொல்லியாக வேண்டும்.

அவர்கள் விட்டுச்சென்றவற்றுள் அஞ்சல் நிலையங்களின் வலையமைப்பைப் பலரும் அறிவார்கள். ஒரு நாள் பயணத் தொலைவுக்கு ஒன்றாக நிலையங்கள், மாற்றுக் குதிரைகள், அனுமதிப் பட்டயம் காட்டினால் உணவும் தங்குமிடமும். இவற்றின் சுமையெல்லாம் அந்தந்த வட்டாரக் குடிகளின் தலையில்தான் விழுந்தது. அவ்வளவாக அறியப்படாத ஒன்று தப்ரீஸ் நகரத்துக் காகிதப் பணம். சீனாவில் செங்கிஸ் கானின் இன்னொரு பேரன் குப்ளாய் கான் வெற்றிகரமாக ஓட்டிய காகிதப் பணத்தைப் பார்த்து, ஈரானை ஆண்ட மங்கோலிய மன்னன் கெய்காத்து 1294-இல் அதையே தப்ரீஸில் வெளியிட்டான். ஏற்க மறுத்தால் மரணம் என்று ஆணை. வணிகர்கள் கடையை மூடினார்கள். ரொட்டிகூடக் கிடைக்காமல் ஊர் காலியானது. இரண்டு மாத அளவில் பணம் திரும்பப் பெறப்பட்டது. வாளுக்கு அஞ்சிய மக்கள் காகிதத்தை நம்ப மறுத்துவிட்டார்கள். அதே பாதைகளின் வழியே கொள்ளைநோயும் போனது. கிர்கிஸ்தானின் இஸிக்குல் ஏரிப் பக்கத்தில் 1338, 1339ஆம் ஆண்டுகளில் இறந்தோரின் கல்லறைகளில் அந்நோயின் கிருமித் தடயம் கிடைத்திருக்கிறது. பத்தாண்டுக்குள் அது ஐரோப்பாவைச் சூறையாடியது.

இந்தியாவை மங்கோலியர் தொடவில்லை என்று கட்டுரை முடிக்கிறது. 1221-இல் குவாரிஸ்ம் இளவரசர் ஜலாலுத்தீனைத் துரத்திக்கொண்டு செங்கிஸ் கான் சிந்து நதி வரை வந்தான். 1241-இல் லாகூர் சூறையாடப்பட்டது. 1299-லும் 1303-லும் தில்லியின் வாசலுக்கே மங்கோலியப் படை வந்து நின்றது. அதைத் தடுக்கத்தான் அலாவுதீன் கில்ஜி ரொக்கச் சம்பளம் வாங்கும் பெரும் நிலைப்படையை உண்டாக்கினார். குதிரைவீரனுக்கு ஆண்டுக்கு 234 தங்கா என்ற நாணயம். அந்தச் சம்பளத்தில் அவன் வாழ முடிய வேண்டும் என்பதற்காகத் தானியம் முதல் துணிவரை விலைக்கட்டுப்பாடு. விளைச்சலில் பாதி வரி. அந்தப் படையின் ஒரு பகுதிதான் மாலிக் கபூரின் தலைமையில் 1311-இல் மதுரைக்கு வந்தது. மங்கோலியப் புல்வெளிக்கும் மதுரைக்கும் தொடர்பே இல்லை என்று இனி எழுத மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இதைவிட நேரான தொடர்பு ஒன்று கல்லில் இருக்கிறது. தென்கிழக்குச் சீனத்துத் துறைமுகமான சுவான்சௌ, குப்ளாயின் ஆட்சியில் உலகின் பெரிய வணிகத் துறைகளில் ஒன்று. அதுவரை தென் சீனத்தை ஆண்ட தென் சுங் அரசின் கடைசிக் கடற்படை 1279-இல் அழிந்தது. இரண்டே ஆண்டுகளில், சக ஆண்டு 1203-இல், அதாவது 1281 சித்திரை மாதத்தில், அங்கே தமிழர் ஒரு சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்து தமிழில் கல்வெட்டு வைத்தார்கள். தவச்சக்கரவர்த்திகளான சம்பந்தப்பெருமாள் என்பவர், செகசைகானின் திருமேனி நலத்துக்காக, அந்தக் கானின் பர்மான்படி, அதாவது ஆணைப்படி, இதைச் செய்ததாக அது சொல்கிறது. செகசைகான் என்பது குப்ளாய் கானையே குறிக்கும் என்பது ஆய்வாளர் கருத்து. கோயிலின் பெயரைத் திருக்கானீச்சுரம் என்று படித்தவர்கள், கானின் பெயராலேயே அமைந்த ஈச்சுரம் என்று பொருள் கொள்கிறார்கள். பர்மான் என்ற பாரசீகச் சொல், மங்கோலிய மன்னனின் பட்டம், சீனத்து மண், தமிழ் எழுத்து என எல்லாம் ஒரே கல்லில் கூடியிருக்கின்றன. அந்நகரத்தில் கிடைத்த சிற்பங்களில் சிவலிங்கத்தை வழிபடும் யானையும் உண்டு, லிங்கத்தின் மேல் பால் சொரியும் பசுவும் உண்டு. திருவானைக்காவின் கதையை அறிந்த எவரும் அந்த யானையை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். அதே காலத்தில் குப்ளாயின் தூதர் யாங் திங்பி கொல்லத்துக்கும் பாண்டிய நாட்டுக்கும் வந்து போயிருக்கிறார். அங்கிருந்தும் தூது சென்றிருக்கிறது. அதே 1281-இன் கோடையில் ஜப்பான் மீது குப்ளாய் அனுப்பிய கடற்படையை உண்மையான சூறாவளி ஒன்று கவிழ்த்தது. வேண்டுமானால் அதை அந்தச் சொல்லால் அழையுங்கள்.

மாணவர்கள் தங்கள் ஞாயிறு இணைப்பை வெட்டி ஒட்டிவைத்துக்கொள்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். செங்கிஸ் கானின் மதம் பற்றிய வரிக்கும், இந்தியா பற்றிய வரிக்கும் அடுத்த ஞாயிறே திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடமிருந்தால், சுவான்சௌ கல்வெட்டின் படத்தையும் எழுத்துகள் தெரியும்படி பெரிதாகப் போடுங்கள். பிள்ளைகள் தாங்களே எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.